கடைசி ஆள் யார்?

"டேய் தம்பி, உன்கிட்ட அம்பது ரூபிள் நோட்டு எத்தன இருக்கு?"

1991 ஜனவரி 22, இரவு ஒன்பது மணி கடந்து கொஞ்ச நேரம். மாஸ்கோவின் தென்மேற்கு ஓரத்தில் எங்கள் மாணவர் விடுதி. கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து கேட்டவர் நாலாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மதுரைக்கார அண்ணன். நான் மருத்துவம் முதலாண்டு. மெத்தைக்கு அடியில் ஏழு நோட்டு வைத்திருந்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன மடக்குக் குடைகளையும் ஒரு ஜீன்ஸையும் விற்ற காசு. மாத உதவித்தொகை 90 ரூபிள் என்றால், 350 ரூபிள் எனக்குச் சொத்து மாதிரி.

சற்று முன்தான் சோவியத் தொலைக்காட்சியின் 'வ்ரேம்யா' செய்தியில் சொல்லியிருந்தார்கள். 1961இல் வெளியிட்ட 50, 100 ரூபிள் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது. மாற்றிக்கொள்ள மூன்று நாள். ஆளுக்கு ஆயிரம் ரூபிள் வரைதான், அதுவும் உழைத்த கணக்குக் காட்டி. சேமிப்பு வங்கியில் இருப்பதை மாதம் 500க்கு மேல் எடுக்க முடியாது. பிரதமர் பாவ்லவ் சொன்ன காரணம் கறுப்புப் பணம், கள்ள நோட்டு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதற்கு வருகிறேன்.

என் அறைத்தோழன் சைபீரியாக்காரன். அதிகம் பேசமாட்டான். செய்தி முடிவதற்குள் பூட்ஸ் மாட்டிவிட்டான். "குடு" என்றான். அவன் நோட்டுகளோடு என்னுடைய ஐந்தையும் வாங்கிக்கொண்டு மெட்ரோ பிடித்து யாரஸ்லாவ்ஸ்கி ரயில் நிலையத்துக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் இர்கூத்ஸ்க் போகும் ரயிலின் டிக்கெட்டுகள். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு விஷயம் இன்னும் தெரியாதாம். அல்லது தெரிந்தும் அவருக்கு உத்தரவு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த டிக்கெட்டுகளை ரத்து செய்து, பிடித்தம் போக, சில்லறை நோட்டாக வாங்கி வந்தான். என்னிடம் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைக் கல்லூரி அலுவலகத்தில் மாற்றினேன். இன்னொன்று இன்றும் என்னிடம் இருக்கிறது, லெனின் முகத்தோடு.

அன்று அவனிடம் கற்றதுதான் அடுத்த ஐந்தரை வருஷம் எனக்குச் சோறு போட்டது: ஓர் அறிவிப்பு எல்லாக் கவுண்டருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. ஆட்சி மாறுகிறது, நாடே மாறுகிறது என்கிறோம். உண்மையில் ஒரு கவுண்டர் மாறுகிறது, பக்கத்துக் கவுண்டர் பழையபடி இருக்கிறது. அந்த நடுவில்தான் ஒருவன் பிழைக்கிறான், இன்னொருவன் மாட்டுகிறான்.

2016 நவம்பர் 8 இரவு குன்னூரில் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். 500, 1000 செல்லாது என்றதும் நான் சிரித்துவிட்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். "நாளைக்கு எல்லாரும் ரயில் டிக்கெட் வாங்குவாங்க பாரு" என்றேன். வாங்கினார்கள். ஆனால் நம் ரயில்வே சுதாரித்துக்கொண்டது. பெரிய தொகை டிக்கெட்டை ரத்து செய்தால் ரொக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டது.

நான் அங்கே போனது 1989இல். முதலில் ஒரு வருஷம் மொழி, பிறகுதான் மருத்துவம். அப்பா குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டில் கட்சி கிடையாது. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே சித்தாந்தத் தொடர்பு. ஆனால் அப்பாவுக்கு ரஷ்யாமேல் ஒரு மரியாதை இருந்தது. ஏலத்தில் அவர்கள் வாங்குகிற தேயிலையை நம்பித்தான் எங்கள் ஊர் அடுப்பு எரிந்தது. அன்று இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அந்த நாடுதான். அங்கே போய்ப் பார்த்தால், மஞ்சள் பொட்டலத்தில் யானைப் படம் போட்டு இந்தியத் தேயிலை. ஜார்ஜியத் தூளையும் கலந்துதான் கட்டினார்கள், ஆனாலும் 'யானைத் தேயிலை' என்றால் தனி மதிப்பு. விருந்துக்குப் போகும்போது ஒரு பொட்டலம் கொண்டுபோனால் போதும். அதைப் பார்த்த அன்று அப்பாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன்.

ரஷ்ய மொழியைப் பாடப் புத்தகத்தில் கற்றதைவிட வரிசையில் நின்று கற்றதுதான் அதிகம். சோவியத் கடையில் விலை ஒரு தொல்லையே அல்ல. மெட்ரோவில் ஏற 5 கோப்பெக் (நூறு கோப்பெக் ஒரு ரூபிள்). 1991 ஏப்ரலில் 15 ஆகும்வரை முப்பது வருஷமாக அதே ஐந்துதான். தொல்லை, சரக்குக் கிடைப்பது. கிடைக்காத பொருளுக்குத் 'தெஃபித்சித்' என்று பெயர். கடையில் அது திடீரென வந்தால் 'விற்கிறார்கள்' என்று சொல்லமாட்டார்கள், 'எறிந்திருக்கிறார்கள்' என்பார்கள். "மூலைக்கடையில சீஸ் எறிஞ்சிருக்காங்க!" அவ்வளவுதான், தெருவே திரும்பும். எல்லார் பாக்கெட்டிலும் ஒரு நூல் வலைப்பை சுருட்டிக் கிடக்கும். அதன் பெயர் 'அவோஸ்கா'. 'ஒருவேளை கிடைக்கலாம்' என்கிற சொல்லிலிருந்து வந்த பெயர். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை ஒரு பையின் பெயரில் எழுதிவைத்திருந்தார்கள்.

வரிசைக்கு ஒரு முறை உண்டு. போனவுடன் "க்தோ பஸ்லேத்னி?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் யார்? ஒருவர் கை தூக்குவார். அவர் முகத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வருபவர் கேட்டால் "நான்தான்" என்று சொல்லிவிட்டு, "இதோ வந்துவிடுகிறேன்" என்று இன்னொரு வரிசைக்குப் போகலாம். நம் ரேஷன் கடையில் பையையோ கல்லையோ போட்டுவிட்டுப் போவோமே, அதை அங்கே வாயால் செய்தார்கள். கெட்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் மூன்று வரிசையில் நிற்பார்கள். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை லாரி வரும், எந்த விற்பனைப் பெண்ணுக்கு என்ன பரிசு கொடுத்தால் எடுத்துவைப்பாள், இதெல்லாம் தெரிந்தவர்தான் அங்கே பணக்காரர். செல்வாக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளாத்'. ரூபிளைவிட அதற்குத்தான் வாங்கும் சக்தி.

1991 ஆகஸ்டில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி, டாங்கி மேல் ஏறி நின்ற எல்ட்சின், தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டேயிருந்த அன்னப்பறவை பாலே நடனம், பத்திரிகையாளர்கள் முன் கை நடுங்கிய கவிழ்ப்புத் தலைவர் யனாயெவ், இதையெல்லாம் நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நான் அந்த மூன்று நாளும் விடுதியில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டு படுத்திருந்தேன். டிசம்பர் 25 கொர்பச்சோவ் பதவி விலகியபோதும் அப்படித்தான். கிரெம்ளினில் கொடி இறங்கிய நேரத்தில் எங்கள் மாடியில் வெந்நீர் வருமா வராதா என்பதுதான் பேச்சு. வரலாறு நடக்கும்போது அது வரலாறு என்று யாரும் வந்து சொல்வதில்லை.

எனக்கு நாடு மாறியது 1992 ஜனவரி 2ஆம் தேதி. கைதார் தலைமையில் வந்த பொருளாதார அணி, ரொட்டி, பால் போன்ற ஒருசிலவற்றைத் தவிர மற்ற விலைகளை அவிழ்த்துவிட்டது. அந்த ஜனவரியில் மட்டும் விலைவாசி மூன்றரை மடங்கு. அந்த வருஷ முடிவில் 26 மடங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத் தொடக்கத்தில் ஒரு மாதம் ஓடுகிற காசு, வருஷக் கடைசியில் ஒரு நாளைக்குச் சற்று மேல். உதவித்தொகையை உயர்த்தினார்கள், ஆனால் உயர்த்துகிற காகிதம் மேஜை மேஜையாக நகர்ந்து வரும். விலைச்சீட்டு எழுதுகிறவளுக்கு மேஜை கிடையாது.

விடுதியின் பாதி மாடிகளை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியதும் நான் வெளியே அறை தேடினேன். பெலியாவோ மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியின் வீட்டில் இடம் கிடைத்தது. வடிவமைப்பு நிறுவனத்தில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகள் கல்யாணமாகி வேறு ஊரில். மாதம் 30 டாலர் வாடகை. அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் சம்பளத்துக்குச் சமம். அந்த டாலருக்காக, சனி ஞாயிறுகளில் மருந்து விற்க வந்த இந்திய வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டேன். பாட்டி என்னைச் 'சினோக்' என்பார், மகனே என்று. ஆனால் வாடகை ஒரு நாள் தள்ளினால் சினோக் காணாமல் போய்விடும், முழுப்பெயர் வரும்.

பாட்டி ஒருநாள் சேமிப்பு வங்கிப் புத்தகத்தைக் காட்டினார். 4,800 ரூபிள். எண்பதுகளில் ஒரு ஜிகுலி கார் வாங்கக் கொஞ்சம்தான் குறையும். அதில் ஒரு பகுதி சவப்பெட்டிக் காசு. வயதான எல்லாரும் அங்கே அப்படி ஒதுக்கிவைப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று. 1992 டிசம்பரில் டாலர் 415 ரூபிள். அந்த 4,800க்குப் பதினோரு டாலர் சொச்சம். புத்தகத்தில் தொகை ஒரு கோப்பெக்கூடக் குறையவில்லை. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் காட்டுவார். "பாரு, எல்லாம் அப்படியே இருக்கு."

காசு போனது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பட்டது வேறு. அந்தப் பாட்டி நாற்பது வருஷமாகச் சேர்த்த இன்னொன்றும் போயிற்று. எந்தக் கடைக்கு எப்போது போக வேண்டும், யாரிடம் சொன்னால் பல் டாக்டர் கிடைப்பார், எந்த வரிசை நகரும் எது நகராது என்கிற அறிவு. 1992 வசந்தத்தில் கடைகளில் சாமான் வரத் தொடங்கியது. வாழைப்பழம்கூட வந்தது. வரிசை கரைந்துபோனது. எல்லாம் இருக்கிறது, யாரும் நிற்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் காசு இல்லை. பாட்டிக்குக் கோபம் விலைமேல் இருந்ததைவிட அந்த வெறுமைமேல்தான் இருந்தது. வரிசையில் நின்றால் நாலு பேர் பேசுவார்கள், செய்தி கிடைக்கும், யார் செத்தார் யார் பிழைத்தார் தெரியும். இப்போது கடைக்குள் போய் விலையைப் படித்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான்.

1992 ஜனவரி 29ஆம் தேதி அதிபர் எல்ட்சின் ஓர் ஆணை போட்டார்: யாரும் எங்கேயும் எதையும் அனுமதியில்லாமல் விற்கலாம். மறுநாளிலிருந்தே லுபியான்காவில் 'குழந்தைகள் உலகம்' கடையை ஒட்டிய நடைபாதையில் ஜனங்கள் தோளோடு தோள் நின்றார்கள். கையில் ஒரு கெட்டில், ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை, இரண்டு டின் மீன். சிலர் அந்த ஆணை அச்சான செய்தித்தாள் துண்டைக் கோட்டில் ஊசியால் குத்தியிருந்தார்கள். போலீஸ்காரனுக்குக் காட்ட. சிரிப்பு வந்தது, பிறகு புரிந்தது. வாங்கி விற்று லாபம் பார்ப்பது கொஞ்ச நாளுக்கு முன்புவரை குற்றவியல் சட்டத்தில் சிறைக்குரிய குற்றம். மேலே சட்டம் மாறிவிட்டது, தெருமுனைக் காவலருக்குச் சொன்னார்களா என்பது யாருக்கும் தெரியாது. அவரும் ஒரு கவுண்டர்தானே.

பாட்டி, கணவரின் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். துணைக்கு நானும் போனேன். நாலு மணி நேரம் வாய் திறக்கவில்லை. விலை கேட்டவரிடம் "தெரியாது" என்றார். வெட்கம். சட்டம் ஒரு நாளில் அனுமதித்துவிட்டது, பாட்டியின் நாக்குக்கு ஏப்ரல் வரை ஆயிற்று. ஏப்ரலில் என்னடாவென்றால், பேரம் பேசுவதில் எங்கள் ஊட்டி மார்க்கெட் கிழவிகளைத் தோற்கடித்தார்.

எங்களை உண்மையில் காப்பாற்றியது உருளைக்கிழங்கு. நகரத்துக்கு வெளியே பாட்டிக்கு அறுநூறு சதுர மீட்டர் நிலம், ஒரு மரக் குடிசை. 'தாச்சா'. இது பணக்காரர் பங்களா அல்ல, நம்மூரில் ஐந்து சென்ட் காய்கறித் தோட்டம் வைத்திருப்பதைப் போலத்தான், ஆனால் மூன்று மடங்கு பெரிது. மே மாதம் நடவு, செப்டம்பரில் தோண்டல். நானும் குனிந்து நிமிர்ந்தேன். பொருளாதார மாற்றம் என்று பேசுகிறவர்கள், அந்த வருஷங்களில் ரஷ்யாவில் பஞ்சம் ஏன் வரவில்லை என்று கேட்டால், முதல் பதில் அந்த அறுநூறு சதுர மீட்டர்தான் என்பது என் எண்ணம். நாணயம் ஆடுகிற ஊரில் யார் பணக்காரர் என்று கேட்டால், மண் வைத்திருப்பவரும், கைத்தொழில் தெரிந்தவரும், ஆள் தெரிந்தவரும் என்பேன். இந்த வரிசையில்.

என் பங்குக்கு நானும் ஏமாந்தேன். 1993 தொடக்கம். பணமாற்றுக் கூண்டுக்கு வெளியே ஒருவன் நல்ல விலை சொன்னான். நூறு டாலர் மாற்ற வேண்டும். ரூபிள் கட்டைக் கொடுத்தான். எண்ணினேன், ஒரு நோட்டுக் குறைந்தது. "அட, மன்னிச்சுக்க" என்று திரும்ப வாங்கினான், என் கண்முன்னே ஒரு நோட்டை மேலே வைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பிரித்தால் மேலேயும் கீழேயும்தான் பெரிய நோட்டு, நடுவில் எல்லாம் செல்லாக்காசு. இதற்கு அங்கே 'லோம்கா' என்று பெயரே உண்டு. உங்கள் கை எண்ணி முடித்த பணம் மறுபடி அவன் கைக்குப் போகக் கூடாது. குறைந்தால் மிச்சத்தைத் தனியாக வாங்குங்கள், அல்லது முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எந்த ஊரிலும் பொருந்தும். கிட்டத்தட்ட மூன்று மாத வாடகையைக் கொடுத்துக் கற்றது. பாட்டி மூன்று நாள் என்னோடு பேசவில்லை, தன் காசு போன மாதிரி.

அதே வருஷம் ஜூலை 24, சனிக்கிழமை. மறுபடியும் அதே கூத்து: 1993க்கு முந்தைய சோவியத், ரஷ்ய நோட்டுகள் செல்லாது, ஆளுக்கு 35,000 ரூபிள்தான் மாற்றலாம். கோடைக்காலம், பாதி நகரம் தாச்சாவில். பாட்டி மூச்சிரைக்க மின்சார ரயில் பிடித்து வந்தார். இரண்டு நாளில் எல்ட்சின் வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தினார். நான் அசையவில்லை. அதற்குள் தேறிவிட்டிருந்தேன். ரூபிள் என் கையில் மூன்று நாளுக்கு மேல் தங்காது. வந்தவுடன் அரிசி, சூரியகாந்தி எண்ணெய், சோப்பு. மிஞ்சினால் டாலர், அதுவும் பத்து, இருபதாக. பெரிய நோட்டு கையில் இருப்பது பெருமை, ஆனால் தடை வருவதும், கள்ளம் வருவதும், சில்லறை கிடைக்காததும் எல்லாம் பெரிய நோட்டுக்குத்தான்.

வவுச்சரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிறையாது. 1992 அக்டோபரிலிருந்து ரஷ்யக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், பச்சைக் குழந்தைக்குக்கூட, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு காகிதம். 25 ரூபிள் கட்டணம் கட்டிச் சேமிப்பு வங்கியில் வாங்கிக்கொள்ளலாம். அரசுத் தொழிற்சாலைகளின் பங்குகளை அதைக் கொடுத்துப் பெறலாம். ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார் பெறும் என்றார், திட்டத்தை நடத்திய சுபாய்ஸ். எதிர்வீட்டுக்காரர் தன்னுடையதைக் கொடுத்து வோட்கா வாங்கினார். பாட்டி என்னிடம் யோசனை கேட்டார். குன்னூர் ஏலக் கணக்கெழுதுபவரின் மகன் என்கிற தைரியத்தில், "உடனே வித்துடுங்க பாட்டி, கையில வந்த காசுதான் காசு" என்றேன். அவர் கேட்கவில்லை. தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்த ஒரு முதலீட்டு நிதியில் போட்டு, ஓரத்தில் தங்கநிறப் பூவேலை செய்த சான்றிதழ் ஒன்றை வாங்கிவந்தார். இரண்டு வருஷத்தில் அந்த அலுவலகக் கதவில் பூட்டு.

என் யோசனை சரி என்று சொல்ல வரவில்லை. அதே காகிதத்தை எரிவாயு நிறுவனப் பங்காக மாற்றி வைத்திருந்தவர்கள் பின்னாளில் நன்றாக இருந்தார்கள். அதிலும், பெர்ம் பகுதியில் ஒரு வவுச்சருக்கு ஆயிரக்கணக்கில் பங்கு கிடைத்தது, மாஸ்கோவில் சில பத்துகள்தான். ஒரே நாடு, ஒரே காகிதம், கவுண்டர் வேறு. இது தெரிந்தவர்கள் யார்? தொழிற்சாலை இயக்குநர்கள், பழைய கட்சிக்காரர்கள், வங்கி தொடங்கிய கம்யூனிஸ்ட் வாலிபச் சங்கத் தலைவர்கள். பழைய 'பிளாத்' செத்துப்போகவில்லை, உடை மாற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் சமமாகக் காகிதம் கொடுப்பது எளிது, அந்தக் காகிதத்தை என்ன செய்வதென்கிற அறிவைச் சமமாகக் கொடுக்க யாராலும் முடியவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் இன்னொரு விஷயம் காகிதம் பற்றியது. என்னோடு ஒரே விமானத்தில் வந்த திருநெல்வேலி நண்பன் உக்ரைனின் ஹார்கிவில் படித்தான். 1991 டிசம்பர் வரை எங்கள் இருவருக்கும் ஒரே நாடு. 1992 ஜனவரியில் அவன் கடையில் ரூபிளோடு கூப்பன் கேட்டார்கள், பிறகு அவன் இருப்பது வேறு நாடு. எங்கள் விசாவிலோ இல்லாத ஒரு நாட்டின் முத்திரை. லெனின்கிராடில் சேர்ந்தவன் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் தேர்ச்சி பெற்றான். ஊருக்கு வந்து பதிவு செய்யும்போது, "இது ஒரே கல்லூரியா?" என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லியே மாசக்கணக்கில் அலைந்தான். நான் தப்பியது அந்த மதுரை அண்ணன் தயவில். ஒவ்வொரு வருஷமும் மதிப்பெண் பட்டியலை எழுதி வாங்கி, வட்ட முத்திரை குத்தி, ஒரு நகல் ஊருக்கு அனுப்பச் சொன்னார். "படிப்பு முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கலாம்னு இருக்காத. அந்தக் கல்லூரி இருக்கும், முத்திரை வச்சிருந்த அம்மா இருக்கமாட்டாங்க." அப்படியே நடந்தது. மூன்றாம் வருஷம் எங்கள் அலுவலகத்தில் இருந்த பாதிப் பேர் வேலையை விட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்கள். பழைய பதிவேடு எந்த அலமாரியில் என்பது அவர்களோடு போயிற்று.

1993 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடத்தை டாங்கிகள் சுட்டதைப் பாலத்தில் நின்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் குழந்தைகளோடு. நான் போகவில்லை. அந்த வாரம் எனக்கு மருத்துவமனைப் பயிற்சி.

மருத்துவமனையில் பார்த்ததைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. தொண்டை அடைப்பான். டிப்தீரியா. பாடப் புத்தகத்தில் அதைச் சரித்திரம் மாதிரி இரண்டு பக்கத்தில் முடித்திருந்தார்கள். 1994இல் ரஷ்யாவில் மட்டும் 39,000 பேருக்கு மேல் வந்தது, அதில் பெரும்பகுதி பெரியவர்கள். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு, காளைக் கழுத்து போல வீக்கம். நாற்பது வயது பஸ் ஓட்டுநர் ஒருவர் என் கண்முன்னே மூச்சுத் திணறினார். பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டு, "நல்லாப் பாத்துக்கோங்க, நானே முப்பது வருஷத்துல பாக்காதது" என்றார்.

தடுப்பூசி இருந்தது. தொழிற்சாலையும் இருந்தது. பிறகு ஏன்? எண்பதுகளின் கடைசியில் எலிஸ்தா மருத்துவமனையில் சுத்தம் செய்யாத ஊசியால் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. பரவிய செய்தி வெளிவந்திருந்தது. பத்திரிகைச் சுதந்திரம் வந்த புதிது, உண்மையைச் சொன்னார்கள், சொன்னதும் சரிதான். ஆனால் தாய்மார்கள் ஊசி என்றாலே பயந்தார்கள். சாதாரணச் சளிக்குக்கூட 'தடுப்பூசி வேண்டாம்' என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் மருத்துவர்களிடம் இருந்தது. பெரியவர்களுக்குச் சிறுவயதில் போட்டதன் பலம் தேய்ந்துவிட்டது. குடியரசுகள் உடைந்து ஜனங்கள் ரயில் ரயிலாக இடம் மாறினார்கள். முன்பு கட்டாயப்படுத்தி ஊசி போட்ட அரசின்மேல் நம்பிக்கை போய்விட்டது, புதிய அரசின்மேல் இன்னும் வரவில்லை. ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64க்கு அருகில் இருந்தது, 1994இல் 58க்கும் கீழே. குடி, மாரடைப்பு, வேலை போன விரக்தி. போர் இல்லாமல் இப்படி ஒரு சரிவு. இதை யாராவது 'மாற்றத்தின் விலை' என்று எழுதினால் எனக்கு அந்த ஓட்டுநரின் கழுத்து ஞாபகம் வரும்.

அதற்காகப் பழையது நன்றாக இருந்தது என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை. அந்தப் பழையதுதான் கடையைக் காலியாக வைத்திருந்தது. போலந்தும் 1990 ஜனவரி 1ஆம் தேதி இதே வைத்தியத்தைத்தான் தொடங்கியது. அங்கும் வலித்தது, ஆனால் இரண்டு வருஷத்தில் பொருளாதாரம் ஏறத் தொடங்கியது. அங்கே நிலத்தில் பெரும்பகுதி எப்போதும் விவசாயியிடமே இருந்தது, சொந்தத் தொழில் செய்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். ரஷ்யாவில் மூன்று தலைமுறை கடந்துவிட்டது. என் பாட்டிக்குத் தொலைநோக்கி விற்கச் சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இல்லை.

குன்னூரிலிருந்து அப்பாவின் கடிதங்கள் சுருங்கின. இரு நாட்டு வியாபாரம் டாலரில் நடந்ததல்ல, ரூபாய்க் கணக்கில். அவர்கள் எண்ணெயும் எந்திரமும் ஆயுதமும் கொடுத்து, அந்த ரூபாயில் நம் தேயிலையும் தோலும் பனியனும் மருந்தும் எடுத்தார்கள். வாங்கியது ஓர் அரசு நிறுவனம், ஒரே ஆள். அந்த ஒரே ஆள் 1992இல் ஏலத்துக்கு வரவில்லை. "உங்க ஊர்க்காரங்க எப்ப வருவாங்க?" என்று அப்பா எழுதினார், நான் ரஷ்யாவின் தேயிலை அமைச்சர் மாதிரி. நல்ல விலை கொடுக்கிற ஒற்றை வாடிக்கையாளரை நம்பி இருப்பதும் ஒருவகை சோஷலிசம்தான் என்று பதில் எழுத நினைத்தேன், எழுதவில்லை. தரம் கேட்காமல் வாங்கிப்போன காலத்தில் தூளில் கைவைத்தவர்கள் எங்கள் மலையிலும் இருந்தார்கள். பிறகு தனியார் வியாபாரிகளாக அவர்கள் திரும்பி வந்தபோது முதலில் கேட்டது தரத்தைத்தான்.

1994 அக்டோபர் 11, செவ்வாய். ஒரே நாளில் டாலர் 3,081 ரூபிளிலிருந்து 3,926. அன்று இரவு பாட்டி என் அறைக்கு வந்து, கைக்குட்டையிலிருந்து ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்தார். என் வாடகையிலிருந்து மிச்சம் பிடித்துப் பிடித்து, சில்லறையைச் சேர்த்து ஒரே நோட்டாக மாற்றியிருந்தார். வங்கியையும் நம்பவில்லை, மருமகனையும் நம்பவில்லை. "உன்கிட்ட வச்சுக்க. என்னைப் புதைக்க." பெரிய நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உடற்கூறியல் படப் புத்தகத்தில், இதயம் வரைந்த பக்கத்துக்கு நடுவில் வைத்தேன்.

1996 ஜூலையில் படிப்பு முடிந்து கிளம்பும்போது அதை எடுத்துக் கொடுத்தேன். பாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த வருஷம் மார்ச்சில்தான் அமெரிக்கா பெரிய முகம் போட்ட புதிய நூறு டாலரை வெளியிட்டிருந்தது. பழையது என்றைக்கும் செல்லும் என்று அவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். பாட்டியின் நோட்டில் சின்ன முகம்.

"இது செல்லுமா, சினோக்?"

"செல்லும் பாட்டி. அமெரிக்காக்காரன் நோட்டை ரத்து செய்யமாட்டான்."

"பாவ்லவும் அப்படித்தான் சொல்லியிருப்பான்."

கோட்டை மாட்டிக்கொண்டார், கோடைக்காலத்தில். இருவரும் மெட்ரோ பக்கத்தில் இருந்த பணமாற்றுக் கூண்டுக்குப் போனோம். பழைய நோட்டை எடுப்பார்கள், ஆனால் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் என்று சீட்டு ஒட்டியிருந்தது. முன்னால் ஏழெட்டுக் கிழவிகள், எல்லார் கையிலும் கைக்குட்டை.

பாட்டி தலையை நிமிர்த்தி, நல்ல குரலில் கேட்டார்: "க்தோ பஸ்லேத்னி?"

ஒரு கை உயர்ந்தது. பாட்டி அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, என்னை அங்கே நிறுத்திவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு கூண்டில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்த்துவரக் கிளம்பினார்.